அப்பா யாரைக் கேட்டார்

— நல்லா அழுதே. கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

— நடிப்புன்னு நினைக்கிறியா?

— எனக்கென்ன தெரியும், மாடு கறக்கிறவனுக்கு. அந்தக் கேக்கை வெட்டு. வாசல்ல இன்னும் ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க.

— லோர்கன், முன்னறையில பெட்டிக்குள்ள படுத்திருக்கிறது எனக்கும் அப்பாதான்.

— இல்லைன்னு யார் சொன்னா? எல்லாரும் உன் கையைத்தானே பிடிக்கிறாங்க. 'உன் துக்கத்துக்கு வருத்தம், ஃபிண்டன். ரொம்ப வருத்தம், ஃபிண்டன்.' அடுத்தது நான் நிக்கிறேன். 'டீ சூடா இருக்கா லோர்கன்?'

— அதுக்கு நான் என்னடா பண்ண முடியும்?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ வந்து நின்னாலே போதும். ஹாலோரன் வீட்டுப் பொண்ணு அப்பா தலைமாட்டுல நின்னே உன்கூட போட்டோ எடுத்துக்கிட்டா.

— வேண்டாம்னுதான் சொன்னேன்.

— சொன்னே. முகத்தை நல்ல பக்கமாத் திருப்பிக்கிட்டே சொன்னே.

— நீ ஒரு சொட்டுகூட அழலையே.

— நேரம் இல்ல. சர்ச் மன்றத்துலேர்ந்து நாற்காலி இரவல் வாங்கணும், வந்தவங்களுக்கு ஹாம் கறி வெட்டணும், வழக்கப்படி அப்பா போன நேரத்துல கடிகாரத்தை நிறுத்தணும். மாட்டுக்கு அப்பா செத்தது தெரியாது, அதையும் கறக்கணும்.

— ஐயோ ராசா, ரெண்டு பேரும் இங்கயா ஒளிஞ்சிருக்கீங்க!

— வாங்க டீலியா அத்தை.

— ஃபிண்டன் ராசா, ஞாயித்துக்கிழமை டிவியில பாத்தேன்டா உன்னை. கொலைகாரனைப் பிடிச்சு வண்டியில ஏத்திட்டு ஒரு பெருமூச்சு விட்டே பாரு. கன்னுக்குட்டி செத்தா உங்கப்பா விடுவாரே, அப்படியே அது!

— அவர்கிட்டேயிருந்து எடுத்ததுதான் அத்தை.

— பாத்தியா, நான் சொல்லலை? என் வீட்டுக்காரர் நம்பவே இல்ல. லோர்கன், பால் தீர்ந்துபோச்சு ராசா.

— ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு.

— நாளைக்குப் பூசையில ஃபிண்டன்தான் பேசறானாமே? ஃபாதர் சொன்னாரு. கடைசி நேரத்துல அந்த மனுஷன் என்ன சொன்னார்னு உன் வாயால கேக்கணும் ராசா. லண்டன்ல காசு கொடுத்துக் கேக்கிற குரல், நமக்குச் சும்மா.

— போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க அத்தை.

— ஃபாதர் வந்து கேட்டாரு, லோர்கன். நானாப் போகல.

— என்னைக் கேக்கல.

— நீ பேசேன். நான் விலகிக்கிறேன்.

— விலகிக்கிறானாம். இந்த நாற்காலியைப் பாரு, ஞாபகம் வருதா? இதே நாற்காலியில உக்காந்துதான் ஊரே நாடகம் பாத்தது. நான் கதாநாயகன். குளிர்காலம் முழுக்க, பால் கறக்கும்போதெல்லாம் வசனம் சொல்லிக்கிட்டே கறந்தேன். நீ தபால்காரன். நாலு வரி.

— ஆரம்பிச்சுட்டியா?

— போட்டிக்கு நடுவர் டப்ளின்லேர்ந்து வந்தார். முடிஞ்சதும் மேடையில ஏறினார். நான் முன்னால நிக்கிறேன், வியர்வையோட. என் தோளுக்கு மேலே எட்டிப் பாத்து, 'அந்தத் தபால்காரன் யாரு?'ன்னார்.

— அது என் தப்பா?

— அந்த நாலு வரியை நீ அப்பாவா நடந்து சொன்னே. காலை இழுத்து, தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சு. மன்றமே சிரிச்சுது. அப்பாவும் சிரிச்சார், தன்னைத்தான்னு தெரியாம.

— தெரியும் அவருக்கு. வீட்டுக்கு வர்ற வழியில என் பின்மண்டையில ஒண்ணு போட்டு, 'தப்புக் கால்டா, எனக்கு வலது'ன்னார்.

— இது எனக்குத் தெரியாது.

— நீதான் எங்ககூட வரலையே.

— மேடைச் சாமானை வண்டியில ஏத்திக்கிட்டிருந்தேன்.

— லோர்கன்...

— சரி விடு. அப்புறம் டப்ளின், அப்புறம் லண்டன். அப்பா நடையை வச்சு மேடையில ஒரு ராஜா. அப்பா இருமலை வச்சு ஒரு படம், அதுக்கு விருது.

— சொல்றேன் கேளு. லண்டன்ல முதல்ல எனக்கு யார் வேஷம் கொடுத்தா? தியேட்டர் வாசல்ல வர்றவங்க கோட்டை வாங்கி ஆணியில மாட்டிக்கிட்டிருந்தேன்.

— தெரியும். பேட்டியில படிச்சேன். எல்லாப் பேட்டியிலயும் 'சாணி வாசனையில வளர்ந்தவன் நான்'னு ஒரு வரி வரும். வாசனை உனக்கு. அள்ளினது நான்.

— திட்டி முடிச்சியா? ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நாளைக்குப் பேசறதுக்கு இல்ல, எனக்கு. கடைசியில அப்பா என்னைக் கேட்டாரா?

— ஏன் வரல நீ?

— கனடாவுல படப்பிடிப்பு. பனி உருகறதுக்குள்ள முடிக்கணும்னாங்க. ஃபோன் பண்ணேன்ல? எத்தனை தடவை பண்ணேன்! ஒரு தடவையாவது அவர்கிட்ட கொடுத்தியா?

— கொடுக்கல.

— கேட்டாரா, இல்லையா?

— தரமாட்டேன்.

— எதை?

— அவர் சொன்னதை. நடையை எடுத்துக்கிட்டே. இருமலை எடுத்துக்கிட்டே. பெருமூச்சுகூட ஞாயித்துக்கிழமை டிவிக்குப் போயிடுச்சு. இது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்.

— பொறாமைடா உனக்கு. இன்னும்.

— பெரிய கண்டுபிடிப்பு, இன்ஸ்பெக்டர்.

— எனக்கு மட்டும் இல்லைன்னு நினைக்கிறியா? அவர் கை உன் கையில இருந்துது. கனடாவுல எடுத்த அந்தப் படத்துல என்ன காட்சி தெரியுமா? சாகக் கிடக்கிற அப்பா பக்கத்துல மகன். யாரோ ஒரு கிழவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் அழறேன். சரியா வரலைன்னு திரும்பத் திரும்ப எடுத்தாங்க. இங்க நிஜம் நடந்துக்கிட்டிருக்கு, அவர் தினமும் உன் முகத்தைப் பாத்துக்கிட்டிருக்கார்.

— என்னைப் பாக்கல.

— என்ன?

— கிறிஸ்துமஸ்லேர்ந்து அவர் என்னைப் பாக்கவே இல்ல. ஒருநாள் காலையில கஞ்சி கொண்டுபோனேன். அவர் முகம் மலர்ந்துது பாரு, அப்படி ஒரு முகத்தை எனக்காக நான் பாத்ததே இல்ல. 'ஃபிண்டன், வந்துட்டியாடா'ன்னார்.

— கடவுளே.

— 'லோர்கன்பா'ன்னேன். முகம் அணைஞ்சுபோச்சு. கஞ்சியைத் தள்ளிட்டார். அன்னைக்கு முழுக்கச் சாப்பிடல. மறுநாள் 'ஆமாப்பா, வந்துட்டேன்'னேன். வாயைத் திறந்தார்.

— என்னை மாதிரி... நீ நடிச்சியா?

— தினமும். கஞ்சிக்கு ஒரு தடவை, மாத்திரைக்கு ஒரு தடவை. உன் சிரிப்பு. நீ கையை ஆட்டுறது. உன் பேட்டியெல்லாம் வேற எதுக்குப் படிச்சேன்னு நினைச்சே? ஃபோனை எப்படிக் கொடுப்பேன்? ஃபோன்லயும் ஃபிண்டன், பக்கத்துலயும் ஃபிண்டன். பயந்திருப்பார்.

— செஞ்சு காட்டு.

— போடா.

— செஞ்சு காட்டுடா. எனக்குப் பாக்கணும்.

— 'சொல்றேன் கேளுங்கப்பா. லண்டன்ல முதல் நாள், திரையைத் தூக்கிட்டாங்க. எனக்கு ஒரு வசனம் ஞாபகம் இல்ல. முன்வரிசையில ஒரு பெரியவர், உங்க தொப்பி மாதிரியே தொப்பி. மடியில வச்சிருந்தார். நீங்கதான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். அப்புறம் எல்லாம் தானா வந்துடுச்சுப்பா.'

— இதை நான் எந்தப் பேட்டியிலயும் சொன்னதில்லையே.

— நானாக் கட்டினது.

— எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கல, லோர்கன்.

— அவருக்கு நடந்துது. அதையேதான் திரும்பத் திரும்பக் கேப்பார். 'தொப்பிக் கதை சொல்லுடா'ம்பார்.

— என்னைவிட நல்லாப் பண்றே.

— ஒரே ஒரு ரசிகர். ஒரு காட்சி விடல.

— என் அப்பாவோட கடைசி நாளெல்லாம் நான்தான் இருந்திருக்கேன். எனக்கு ஒண்ணுகூடத் தெரியாது. எனக்கு... உன்னை அறையணும்போல இருக்கு.

— தெரியுதா, எப்படி இருக்கும்னு?

— தெரியுது. கடைசியில என்ன கேட்டார், சொல்லு.

— உன்னை எதுக்குக் கேக்கணும்? நீதான் பக்கத்துல இருந்தியே. என்னைக் கேட்டார். 'லோர்கன் எங்கடா, ஏன் வரவே மாட்டேங்கிறான்?'

— நீ என்ன சொன்னே?

— மாட்டைப் பாக்கப் போயிருக்கான்னேன். 'எப்பப் பாரு மாடு'ன்னு அழுதார். அப்புறம் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டார். 'அன்னைக்கு நாடகத்துல அவன்தான்டா நல்லாப் பண்ணான். அந்த நடுவருக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு. நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீ சொல்லிடு, ஃபிண்டன்'னார்.

— நீ பக்கத்துலயே உக்காந்திருக்கே.

— கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு.

— முட்டாள்! வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தே? 'நான்தான்பா லோர்கன்'னு சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா, நீ பக்கத்துல இல்லாமலே அவர் போயிருப்பார்.