ஜெராக்ஸ் கடை வஹாப் பாய் கேட்ட கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, ஜமாத் பெரியோர்களே, இன்று வேலைக்குப் போகாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிப் பெண்களே! உத்திரமேரூரில் முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலம் நடத்திய கன்னியப்பன் பேசுகிறேன். நம் ஜெராக்ஸ் கடை வஹாப் பாய் போய்விட்டார்! இன்னும் நம்ப முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவார். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்றவருக்கு, வாக்கியங்களை இணைக்கிற சொற்கள் மேல் அப்படி என்ன ஆசை? ஆண்ட், பட், பிகாஸ்... அறுபத்தொரு வயதில் இதெல்லாம் எதற்கு? யோசித்து யோசித்துப் பார்த்தேன். விளங்கவே இல்லை.

கடைசியாக வந்தபோது கேட்டார்: “இன்னா சார், ஆல்தோன்னு ஆரம்பிச்சா நடுவுல பட் போடக் கூடாதுன்றீங்க. ஏன் சார்?”

“ரூல்னா ரூல், பாய்! பேஜார் பண்ணாதீங்க” என்று எரிந்து விழுந்தேன். சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வெள்ளிக்கிழமை, அவருடைய ஜனாஸா ஊர்வலத்துக்காக அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

அங்கேதான், கம்பெனியில் வேலை பார்க்கிற மாகறல் ஊர்ப் பெண் இளவரசி ஒரு கட்டுத் தாளை என் கையில் கொடுத்தாள். எல்லாம் வீணான ஜெராக்ஸ் தாள்கள். பின்பக்கத்தில் பாயின் கையெழுத்தில், ஆங்கிலத்தில் இரண்டிரண்டு வாக்கியம். ‘ராணியம்மாள் லீவு கேட்டாள். மகளுக்குக் காய்ச்சல்.’ நடுவில் காலியிடம். விடியற்காலை இந்தப் பெண்கள் கடை வாசலில் கம்பெனி பஸ் ஏறும்போது ஆளுக்கொன்று கொடுப்பாராம். சாயந்திரம் இறங்கும்போது இணைத்து எழுதித் தர வேண்டுமாம். பதினான்கு பெண்கள்! கம்பெனியில் லைன் லீடர் பதவிக்கான தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். அதில் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதினால்தான் சம்பளம் உயரும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்?

“அந்த ஆல்தோ கேள்வி யாரும்மா கேட்டது?” என்றேன்.

“நான்தான் சார். வெள்ளிக்கிழமை சாரைக் கேட்டுக்கினு வரேன்னாரு. அப்பறம், சாருக்கு ஒடம்பு சரியில்ல, அடுத்த வாரம் கேக்கறேன்னு சொல்ட்டாரு.”

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, பெரியோர்களே! என் மானத்தைக் காப்பாற்றப் பாய் சொன்ன பொய் அது. இதை இங்கே சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

இளவரசி, நாலு நாளாக யோசித்தேன். ‘மழை பெய்தாலும் வந்தேன்’ என்கிறோமே, நடுவில் ‘ஆனால்’ போடுகிறோமா? அந்த வேலையைப் ‘பெய்தாலும்’ முடித்துவிடுகிறது. ஆல்தோவும் அப்படித்தான். இவ்வளவுதானம்மா! அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

நாளை விடியற்காலை ஐந்தரைக்கு, தாள்களோடு அந்தக் கடை வாசலில் நிற்பேன். தேர்வு முடிந்த பிறகும் நிற்பேன். ஏன், ஏன் என்று கேளுங்கள். தெரியாததைத் தேடிக்கொண்டு வருகிறேன்.

வஹாப் பாய்! சாருக்கு இப்போது உடம்பு தேவலை.