மான், நூறு

— கையை எடு, லைல். என் மேசையில இருக்கிற எதையும் தொடாத.

— தொடலண்ணே. பாத்தேன்.

— அன்னைக்கும் பாத்துத்தான எடுத்த? மில்லுல ராத்திரி ஷிப்ட முடிச்சிட்டு நேரா வந்து நிக்கிற, கண்ணு ரெண்டும் செவந்து போயி. என்ன வேணும்?

— சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொறக்குது. நானும் காட்டுக் குடிசைக்கு வரேன்.

— மூணு வருஷமா வராதவனுக்கு இப்ப என்ன வந்துச்சு?

— நானா வராம இல்ல, ஆரின் அண்ணே. நீதான் வராதன்ன.

— இப்பவும் அதான் சொல்றேன். சரி, ஒரே ஒரு கேள்வி. இருநூத்தி நாப்பத்திமூணு ரைஃபிள். நூறு கஜத்துல மான், பக்கவாட்டுல நிக்குது. எந்தக் குண்டு?

— நூறு கிரெய்ன் எடை. கெட்டிக் குண்டு. தோள் எலும்ப ஒடச்சுட்டு உள்ள போகணும், நுரையீரல் ரெண்டையும் தாண்டணும்.

— ஐம்பத்தெட்டு?

— அது நரிக்கு. லேசு, வேகம் ஜாஸ்தி. நரி பட்ட எடத்துலயே விழும். மான் தோள்ல பட்டா குண்டு மேலாக்கவே சிதறிடும். மான் நொண்டிக்கிட்டே ஓடும்.

— நல்ல மனப்பாடம். அப்பா செத்தப்புறம் படிச்சியாக்கும்?

— அப்புறம்தான் படிச்சேன்.

— வீட்ல எல்லாருக்கும் நானே தோட்டாவுல வெடிமருந்து அளந்து, குண்டு வெச்சு, பெட்டி மூடியில எழுதியும் குடுக்கிறேன், கேட்டியா? எழுத்துக் கூட்டிப் படிக்கணும், அவ்வளவுதான். உனக்கு அதுகூட ஆகல. நரிப் பெட்டியத் தூக்கிட்டுப் போன.

— காலையில அஞ்சு மணி. இருட்டு. பெட்டிய எடுத்துப் பைல போட்டேன்.

— அப்பா அறுபத்தெட்டு வயசு மனுஷன். முழங்கால் வரைக்கும் சேறு, மூணு மைலு நடந்தாரு. எதுக்கு? நீ சுட்ட மான் அடிபட்டுக் கெடக்குதாம், விட்டுட்டு வரக்கூடாதாம்.

— என் ரைஃபிளையும் பெட்டியையும் வாங்கிக்கிட்டு, 'நீ போயி மான் இழுக்கிற பலகைய எடுத்தா'ன்னாரு. நான் திரும்பி வரப்போ சதுப்புல குப்புறக் கெடந்தாரு. நெஞ்சு நின்னு போயிருந்துச்சு.

— பேசாம குறி தப்பியிருக்கலாம்ல? குறி தப்பினவனுக்குச் செய்யற வழக்கம்போல உன் சட்டையோட பின்வால வெட்டி, பேரு தேதி போட்டு, குடிசைச் சுவத்துல ஆணி அடிச்சிருப்போம். ஏற்கெனவே உன் வாலு மூணு தொங்குது. நாலாவதுக்கும் சிரிச்சிருப்போம்.

— மில்லுல நிக்கிற எட்டு மணி நேரமும் எனக்கு அதே நெனப்புதாண்ணே.

— நெனச்சுக்கிட்டே இரு. அம்மா உன்கூட பேசறதில்ல. நானும் பேசச் சொல்லப்போறதில்ல. கெளம்பு.

— இத பாத்துடு, கெளம்பறேன்.

— என்ன பெட்டி இது?

— அப்பாவோட ஆரஞ்சு வேட்டைக் கோட்டு உள்பையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியில கட்டிக் குடுத்த மூட்டைய இத்தன நாளா யாருமே பிரிக்கல. பதினஞ்சு தோட்டா மிச்சம். ஒண்ணுலேர்ந்து குண்டப் பிடுங்கி எடை போட்டேன். ஐம்பத்தெட்டு.

— அதத்தான நானும் மூணு வருஷமாச் சொல்றேன்? நரிப் பெட்டி!

— மூடியப் படிண்ணே.

— அத அங்கயே வை.

— சரி, நானே படிக்கிறேன். 'மான், நூறு.' உன் பென்சிலு. உன் கையெழுத்து. நான் சரியான பெட்டியத்தான் எடுத்திருக்கேன்.

— கத்தாத.

— நான் கத்தவே இல்ல. நீ ஏன் திடுக்கிடல?

— கெளம்புன்னேன்ல?

— அண்ணே. உனக்குத் தெரியும்.

— அப்பா செத்த அன்னைக்கு சாயங்காலம் இங்க வந்தேன். நூறு கிரெய்ன் குண்டு டப்பா ஒட்டுகூடப் பிரிக்காம இருந்துச்சு. மான் பெட்டியிலயும் நரிக் குண்டத்தான் வெச்சிருக்கேன். போதுமா?

— தெரிஞ்சுகிட்டே மூணு வருஷம்.

— ரெண்டு புள்ளையில ஒருத்தன் மூஞ்சியையாவது அம்மா பாக்கணும்ல? நீ எப்பவும் திட்டு வாங்கறவன்தான். உனக்குப் பழக்கம்.

— ம்.

— சனிக்கிழமை வா. குடிசையில கீழ் கட்டில் உனக்கு. பெட்டிய மட்டும் இங்க விட்டுட்டுப் போ. அம்மா கண்ணுல படக்கூடாது, கேட்டியா?

— மூட்டையப் பிரிச்சதே அம்மாதாண்ணே. வெளிய என் கார்ல உக்காந்திருக்காங்க.