மண்ணோட கஷ்டம்

இல்லம்மா, ரோட்டுப் பக்கம் வேண்டாம். அது எப்பவும் போலத் திறந்தே கிடக்கட்டும். எனக்கு வேலி வேண்டியது இந்தப் பக்கம்தான். பக்கத்து வீட்டு லவான் பக்கம். என் புல்லு எங்க முடியுது, அவ புல்லு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலைல்ல? யாருக்கும் தெரியாது. அதோ, பெரிய பெரிய இலையா ருபார்ப் பாத்தி இருக்கே, எல்லைக்கோடு அதுக்கு நடுவால போகுது. பாதி என்னோடது, பாதி அவளோடது. இத்தனை வருஷத்துல யார் எந்தப் பாதியில தண்டு ஒடிக்கிறாங்கன்னு நாங்க பார்த்ததே கிடையாது. அந்தப் புளிப்புத் தண்டை நான் ஊறுகாய் மாதிரி கிண்டி வச்சா அவளுக்கு ஒரு பாட்டில், அவ கேக் சுட்டா எனக்குப் பாதி. அப்படி.

மெதுவா வாங்க, ஈரமா இருக்கு. அட்டையில ஸ்கோகன்னு பேர் போட்டிருக்கே, நீங்க எந்த ஸ்கோகன் குடும்பம்? ஏரிக்கரை ஸ்கோகனா, மாட்டுப் பண்ணை ஸ்கோகனா? மாட்டுப் பண்ணையா. அப்ப எல்மர் பேத்தி. நல்லதாப் போச்சு. ஏரிக்கரைக்காரங்க காதுல காலையில ஒரு விஷயத்தைப் போட்டா மத்தியானம் படகுத்துறையில அதுக்குக் கைகால் முளைச்சு நடக்கும். மாடு வச்சிருக்கிறவங்க அவ்வளவு பேச மாட்டாங்க. பேச எங்க நேரம்.

சரி, உங்க டவுன் ஆபீஸ் வேலி விதிக்கு வருவோம். எனக்கும் இப்ப அது மனப்பாடம். பின்பக்கம் ஆறடி வேலி போட்டுக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம். முன்பக்கம்னா நாலடிதான். நியாயந்தான், ஒத்துக்கிறேன். ஆனா என்னோடது மூலை வீடு. மேப்பிள் தெருவைப் பார்த்து ஒரு முன்பக்கம், மூணாந் தெருவைப் பார்த்து ஒரு முன்பக்கம். நானா சொல்றேன்? உங்க சட்டம் சொல்லுது. ஒரு வீட்டுக்கு எப்படி ரெண்டு முகம் இருக்கும்னு உங்க ஆபீஸ் கவுண்டர்ல இருக்கிற மனுஷன்கிட்ட கேட்டேன். மூலை வீடுன்னா இருக்கும்மான்னு சொல்லிட்டார். சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ள குடியிருந்தவளுக்குத்தான் தெரியல.

அதனால, இந்தக் கோட்டுல கொல்லைப் பக்கம் வரைக்கும் ஆறடிக்கு ஒரு தடையும் இல்ல. மூணாந் தெருவை ஒட்டி வர்ற கடைசி இருபதடிதான் வம்பு. சட்டப்படி இது முன்பக்கம். மெர்ல் அவ வீட்டுக்குப் போறது சரியா இந்த இருபதடி வழியாத்தான். புல்லைப் பாருங்க, மாடு நடந்த மாதிரி தடம் விழுந்திருக்கு.

ஆமா, மெர்ல். என் வீட்டுக்காரர். சமையலறை ஜன்னல்ல நிக்கிறார் பாருங்க, கட்டம் போட்ட சட்டை. வேண்டாம், கை ஆட்டாதீங்க, ஆட்டினா வெளிய வந்து உங்களுக்குக் கை குடுத்துட்டு நாள் பூரா விட மாட்டார். நல்லா இருந்த காலத்துல தானியக் கிடங்குல மேனேஜர். லாரி தெரு முனையில திரும்பும்போதே எடை சொல்லுவார். இப்ப மறதி நோய். என்னை யாருன்னு கேட்டா, இங்க வேலை செய்யற அம்மான்னு சொல்றார். நல்லா சமைக்கிறாங்கன்னு கூடச் சேர்த்துச் சொல்றார். கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷத்துல அந்த வார்த்தை இப்பத்தான் வந்திருக்கு. சிரிங்க, பரவாயில்ல. நானும் சிரிச்சேன், முதல் தடவை.

நாலடி போதாதான்னு கேக்கறீங்க. பனி உருகினதும் நாலடிப் பலகை வச்சுப் பார்த்தேனே. கால்ல ஒரு கோளாறும் இல்ல அவருக்கு. ஒரு கையை மேல ஊனினார், காலைத் தூக்கிப் போட்டார், அந்தப் பக்கம் இறங்கிட்டார். இறங்கி, சட்டையில ஒட்டின தூசியைத் தட்டிக்கிட்டார். மறுநாளே பலகையைப் பிடுங்கச் சொல்லிட்டேன். தவறி விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யார் பார்க்கிறது. நான்தானே.

கதவைப் பூட்டிப் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரியற வரைக்கும் தட்டினார். அப்புறம் கதவுல நெத்தியை வச்சுக்கிட்டு அழுதார். அதைக் கேட்டுக்கிட்டு எந்தப் பொம்பளையும் பாத்திரம் கழுவ முடியாதும்மா. டாக்டர்தான் சொன்னார், கண்ணுல படலைன்னா மனசு அந்தப் பக்கம் இழுக்காதுன்னு. நல்ல அடைச்ச பலகையா ஆறடிக்கு நின்னா, அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறதே தெரியாது. அதுக்குத்தான் ஆறடி.

திரும்பவும் அதையே கேக்கறீங்க. ரோட்டுக்குப் போக மாட்டார். அந்தப் பக்கம் தானிய லாரி போகுதுன்னு எனக்கும் தெரியும், என் காது என்ன செவிடா. ஒரு தடவை கூட அவர் அந்தப் பக்கம் போனதில்ல. மறதிக்காரங்க எங்க போவாங்கன்னு தெரியாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். இவர் எங்க போவார்னு எனக்குத் தெரியும்.

உங்க கவுண்டர் மனுஷன் நல்லவர்தான், குத்தம் சொல்லல. விதிவிலக்கு வேணும்னா கஷ்டத்தை நிரூபிக்கணும்னார். நான் என் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன். கையைத் தூக்கி நிறுத்திட்டார். உங்க கஷ்டம் இல்லம்மா, நிலத்தோட கஷ்டம்னார். ஆளுக்கு நோவு வரும், போகும். ஆள் சாவாங்க, வீடு கைமாறும், வேலி அங்கயே நிக்கும். அதனால கஷ்டம் மண்ணோடதா இருக்கணுமாம், மனுஷனோடதா இருக்கக் கூடாதாம். சரிவு உண்டா, பாறை உண்டா, தண்ணி நிக்குதான்னு கேட்டார். என் மண்ணுக்கு என்ன கஷ்டம்? அது பாட்டுக்குக் கிடக்கு. பனி பெஞ்சா போத்திக்குது, உருகினா புல்லு முளைக்குது. அதுகிட்ட யாரும் பொய் சொல்லல.

இன்னொண்ணும் கேட்டார். நீங்களா உண்டாக்கிக்கிட்ட கஷ்டம்னா விலக்கு கிடையாது, முன்னாடி இங்க எதாவது தடுப்பு இருந்துச்சா, நீங்களே எடுத்தீங்களான்னு. இருந்துச்சு. இந்தக் கோடு முழுக்க லைலாக் புதர். ஆள் உசரம். அந்தப் பக்கம் யார் நிக்கிறாங்கன்னு குரல் வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நாங்க குடிவந்த ரெண்டாவது வருஷம், மெர்ல்தான் சொன்னார், இது எதுக்கு நடுவுல, நாம என்ன அந்நியமான்னு. வண்டியில சங்கிலியைக் கட்டி ஒவ்வொரு புதரா இழுத்தார். அப்படியே பூவும் வேருமா வந்துச்சு. நானும் லவானும் இங்கதான் நின்னுக்கிட்டு இருந்தோம். கை தட்டினோம். தெருவே வாசனையாக் கிடந்துச்சு ரெண்டு நாள்.

அவ புருஷன் ஓரின் அன்னிக்கு ஊர்ல இல்ல. லாரி ஓட்டறவர், திங்கக்கிழமை கிளம்பினா வெள்ளிக்கிழமைதான் தலை தெரியும். நல்ல மனுஷன். இப்ப இல்ல, போய்ச் சேர்ந்துட்டார். அந்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்துட்டு, என்னடா என் வீடு திடீர்னு பெரிசாயிடுச்சுன்னு சிரிச்சார்.

லவான் எனக்கு யாருன்னா, எப்படிச் சொல்றது. எங்கம்மா செத்தப்ப வெளியே பூஜ்யத்துக்குக் கீழ முப்பது டிகிரி, கடை திறக்கல, எங்கிட்ட கறுப்புக் காலுறை இல்ல. தன் கால்ல இருந்ததைக் கழட்டிக் குடுத்தா. அவ உடம்புச் சூடு அதுல இருந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் எங்கம்மாவை அடக்கம் பண்ணேன். கூடப் பிறந்தவங்க எனக்கு இல்ல. அதனால சிநேகிதம்னா அளவு தெரியாது, எல்லாத்தையும் சொல்லிடுவேன். மெர்ல் என்கிட்ட சரியாப் பேசறதில்லைன்னு கூட அவகிட்டத்தான் சொல்லி அழுவேன். ஆம்பளைங்க அப்படித்தான் ஆர்லிஸ்னு முதுகைத் தடவிக் குடுப்பா.

தெரியும்மா. அவ உங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணினது தெரியும். வேலி எதுக்கு, பாவம், அவர் வந்தா எனக்கு ஒரு தொந்தரவும் இல்லைன்னு சொல்லியிருக்கா. தொந்தரவு இல்லையாம். சர்ச்சுல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. லவான் மாதிரி ஒருத்தி பக்கத்துல கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், நீ போய்ப் பலகை அடிக்கிறியேன்னு. பாஸ்டர் கூட வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டு, ஆர்லிஸ், நோயாளியோட இருந்தா நமக்கே மனசு இறுகிப் போகும், கவனமா இருன்னுட்டுப் போறார். கல்நெஞ்சக்காரி நான். அவ வாரம் தவறாம உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஹாட்டிஷ்னு ஒரு பாத்திரம் நிறையச் சுட்டு என் வாசப்படியில வச்சுட்டுப் போறா, மூடியில அவ பேர் ஒட்டியிருக்கும். சாப்பிடாம கொட்டினாலும் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தரணுமே. அதுவே ஒரு கயிறு. வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாதவம்பாங்க அவளை. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அந்த நாலடிப் பலகை அடிச்ச அன்னிக்கு வந்தா. தச்சர் நிக்கிறார், அவர் முன்னாடி சிரிச்சுக்கிட்டே, என்ன ஆர்லிஸ், என்னைக் கூண்டுல வைக்கிறியான்னா. உன்னை இல்ல, அவரைன்னேன். விடுடி, அவர் இப்ப குழந்தைன்னா. பழகின இடத்துக்குத்தான் குழந்தை போகும்னேன். அதுக்கப்புறம் சிரிக்கல. தச்சர் ஆணியை வாயில வச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

செவ்வாய்க்கிழமை விதிவிலக்கு குடுக்கிற போர்டு முன்னாடி நான் எழுந்து நிக்கணும். ஊர் சேனல்ல அப்படியே காட்டுவாங்க. வேற வேலை இல்லாத நாளா, மொத்த ஊரும் அதைத்தான் பார்க்கும். லவான் முதல் வரிசையில உக்காந்திருப்பா, அந்த நீலக் கோட்டு. ஏன் வேலி, ஏன் இந்தப் பக்கம் மட்டும், அவங்க ஆட்சேபிக்கலையே, அப்புறம் உங்களுக்கு என்னன்னு அஞ்சு பேர் கேப்பாங்க. நான் என்ன சொல்ல? அதனாலதான் கேக்கறேன், நீங்க சரிவுன்னு எழுதிடுங்களேன். கொஞ்சம் சரிவு இருக்கத்தான் செய்யுது. பந்து வச்சா அவ வீட்டுப் பக்கம் உருளும்.

எழுத மாட்டீங்க. சரி. எல்மர் பேத்திதான். உங்க தாத்தாவும் இப்படித்தான், பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, விலையில ஒரு காசு குறைப்பும் கிடையாது.

அளக்கறதை அளந்துடுங்க. குடுங்க, டேப்போட இந்த நுனியை நான் பிடிச்சுக்கிறேன். எனக்குக் கை நடுங்காது. அந்த எல்லைக்கல்லுலேருந்து. ஆங், இழுங்க. இருபதே அடி. இதுக்குத்தான் இத்தனை. என்ன வேணும், அடையாளத்துக்குச் சின்னக் கொடியா? நட்டு வைக்கணுமா? வண்டியில இருந்தா போய் எடுத்துட்டு...

அடடா. சாவியை எடுத்துட்டீங்களா.

இல்ல, உங்க மேல தப்பில்ல. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். என் சாவியைக் கம்பளிக் கையுறைக்குள்ள போட்டு வச்சிருக்கேன், சத்தம் வராம. ஜன்னலைப் பாருங்க. காணோம்ல? தலை சீவப் போயிருக்கார்.

கார் சாவி குலுங்கினா அவர் தலை சீவுவார்மா. யார் சாவியா இருந்தாலும் சரி. தபால்காரர் இடுப்புல கொத்தா மாட்டிக்கிட்டு வருவாரே, அதுக்கும். முதல்ல எனக்கு ஒண்ணும் விளங்கல. புதன்கிழமை தவறாம நான் சர்ச்சுல பாட்டுப் பயிற்சிக்குப் போவேன், வருஷக்கணக்கா. கதவுகிட்ட ஆணியில மாட்டின சாவியை எடுப்பேன், வர்றேன் மெர்ல்னு குரல் குடுப்பேன். இன்னிக்கு என்ன கிழமைன்னு கேளுங்க, தெரியாது அவருக்கு. என் பேர் தெரியாது. அந்தச் சத்தம் மட்டும் தங்கிப் போச்சு.

இலை உதிர்ற காலத்துல ஒரு நாள் பின்னாடியே போனேன். லவான் வீட்டுக் கதவை அவர் தட்டல. உள்ள போய் ஷூவைக் கழட்டி ஓரமா வச்சார், நேரா மாடிப்படி ஏறினார். என் வீட்டுல குளியலறைன்னு நினைச்சுத் துணி அலமாரியைத் திறக்கிற மனுஷன். அவ வீட்டு மாடிக்கு நான் போனதே இல்ல, நாங்க சமையலறையோட சரி. அந்தப் படி திரும்புற இடத்துல ஒரு உத்தரம் தாழ்வா வருது, இருட்டுல தெரியாது. நான் இடிச்சுக்கிட்டேன். இதோ, புருவத்துக்கு மேல, தழும்பு இன்னும் இருக்கு. அவர் குனிஞ்சு போனார்.

லவான் என் நெத்தியைப் பார்த்தா. ஐஸ் கட்டியைத் துணியில சுத்திக் கொண்டாந்தா. நானும் வாங்கி வச்சுக்கிட்டேன், வேற என்ன பண்றது.

எழுத வேண்டாம்மா, இதை. சும்மா சொன்னேன்.

வந்துட்டார். நல்ல சட்டையை மாத்திக்கிட்டிருக்கார் பாருங்க. விடுங்க, மறிக்காதீங்க, போகட்டும். நீங்க உங்க நுனியைக் கொஞ்சம் தரையோட வச்சுக்குங்க. டேப் அவர் கால்ல தட்டிடப் போகுது.