கடைசி ஜோடி பேரிங்

"ரேஷன் மண்ணெண்ணெய மொத்தமும் ஜெட்டு குடிச்சிட்ச்சி மாமே" என்றார், ஆவடியில் ரயிலேறி எனக்கு எதிரே உட்கார்ந்தவர், கூட வந்தவரிடம். ஸ்டவ்வுக்குப் பம்பு அடிப்பதோடு என் இயந்திர ஞானம் முடிந்துவிடும். ஆகவே பேப்பரை மடித்துவிட்டுக் காது கொடுத்தேன்.

பொம்மை விமானத்துக்காக முழங்கை நீளத்தில் ஒரு ஜெட் எஞ்சினைச் சொந்தமாகச் செய்திருக்கிறாராம். மண்ணெண்ணெயில் கலக்கும் எண்ணெய்தான் அதன் பேரிங்கைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு ஜோடி பேரிங் வீணாகிவிட்டது. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சம் ஒரே ஜோடி.

"ஸ்கூட்டருக்கு ஊத்துற டூடி ஆயிலு?" என்றார் கூட வந்தவர்.

"கரி புட்ச்சிகிச்சி."

"வெளக்கெண்ண?"

"பிசினாட்டம் ஒட்டிகினு சுத்தவே இல்ல. ஊடே இன்னும் நாறுது."

"நெச ஏரோப்ளேனுக்கு ஊத்துறாங்களே, அந்த ஆயிலு?"

"அலைஞ்சி ஒரு டப்பா வாங்கிகினு வந்துட்டேன். இருவது பங்கு மண்ணெண்ணெய்க்கு ஒரு பங்கு. ஞாயித்துக்கெழம ஓட்டணும்."

"இதுவும் பூட்ச்சின்னா?"

"ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம தூக்கமே இல்ல. இனிமே தூங்குவேன்."

"ஓடிட்ச்சின்னா?"

அவர் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"ஏரோப்ளேன் செய்யணுமே, மாமே."