அம்மனுக்குக் கண் வைத்த பிரஷ்

— எச்சில் பண்ணின பிரஷ்லயா புள்ள அம்மனுக்குக் கண்ணு வெச்ச? அதுவும் என் வேண்டுதல் அம்மனுக்கு!

— கத்தாதீங்க மாரம்மாக்கா, லைன் வீடு பூரா கேக்குது.

— கேக்கட்டும், பாகலூர் வரைக்கும் கேக்கட்டும்! என் வீட்டுல குடித்தனம் இருக்குற புள்ளையாச்சேன்னு நம்பி, கோயிலுக்குக் கண்ணாடிப் பெட்டியில வெக்கிற அம்மனை உன் கையில குடுத்தேன். இந்த சுபாஷ் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

— நான் போட்டுக் குடுக்கலை சுப்ரியா. ‘கோடு எப்படிடா இவ்ளோ சன்னமா வருது’ன்னு அக்கா கேட்டாங்க. அவ பிரஷ்ஷை உதட்டுல வெச்சு முனை எடுப்பான்னு சொன்னேன். உள்ளதுதானே?

— பக்கத்து ரூம்ல என்ன நடக்குதுன்னு பாக்குறதுக்கா ஷிப்ட் முடிஞ்சு ஓடியாற? அக்கா, இந்த அம்மனோட முகமே துவரம்பருப்பு அளவு. கண்ணு எள்ளுல பாதி. முனை ஒத்த முடியா நிக்கணும். உதட்டுல ஒரு உருட்டு உருட்டுனாத்தான் நிக்கும்.

— அப்போ பெயிண்டைத் திங்குறியா?

— மூணு தடவை தண்ணியில அலசிட்டுத்தான்க்கா வாய்க்கிட்ட கொண்டு போவேன்.

— எங்க கம்பெனியில பெயிண்ட் அடிக்கிற ஷாப்புல இப்படிப் பண்ணினா சேஃப்டி ஆபீசர் கேட்டுக்கு வெளியே தள்ளிடுவாருக்கா. நானும் குட்டிச் சிலைக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்தான். ஈரத் துணியில உருட்டுவேன், சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஒரு நாளும் உதட்டுல வெச்சதில்ல.

— பெரிய சுத்தக்காரன்! போன வருசம் எத்தனை பிரஷ்ஷைத் தூக்கிப் போட்ட? அக்காகிட்ட சொல்லேன்.

— அது... ஆறு.

— ஏன்னு நான் சொல்றேன்க்கா. கழுத்து வரைக்கும் பெயிண்ட்ல முக்குவான். முடியைப் பிடிச்சிருக்குற தகரத்துக்குள்ள ஏறிக் காஞ்சிருச்சுன்னா முடி விரிஞ்சு தொடப்பமாயிரும். போதாததுக்கு டம்ளர்ல தலைகீழா நிப்பாட்டிட்டு டீ குடிக்கப் போயிருவான். என்னோடதைப் பாருங்க. இருக்கிறதுலயே சன்னமான சைபர் நம்பர் பிரஷ், நாலு வருசமாச்சு. பெயிண்ட் கலக்குறதுக்கு வேற பழைய பிரஷ் வச்சிருக்கேன். இதுல பாதி முடிக்கு மேல பெயிண்ட் ஏறவே விடமாட்டேன். கழுவி, படுக்கப் போட்டு, முனைக்கு ஜூஸ் குழாய்த் துண்டு மாட்டித்தான் வப்பேன். ஒரு முடி விலகியிருக்கா? தேடிக் காட்டுங்க பாப்போம்.

— ஊசி மாதிரித்தான் இருக்குது. புருசனைக்கூட எவளும் இப்படிப் பாத்துக்க மாட்டா. அதுக்காக எச்சில் எச்சில் இல்லாமப் போயிடுமா? அந்தக் கண்ணை அழி. சுபாஷு, நீ வெய்யிப்பா. அஞ்சு மணிக்குக் கோயில்லேர்ந்து வந்துடுவாங்க.

— பெட்டிக்கு அடியில என் பேரை எழுதுறதாச் சொன்னீங்களே அக்கா? எங்கம்மாகிட்டகூடச் சொல்லிட்டேனே!

— கண்ணு யாரு வெக்கிறாங்களோ அவங்க பேரு.

— நகரு சுப்ரியா. ஈரத் துணி, கொஞ்சம் பொறுமை, வேற என்ன இருக்கு இதுல? இந்தா, ஒண்ணு ஆச்சு... ரெண்டும் ஆச்சு. பாருங்கக்கா.

— அய்யோ தேவரே, சாமி!

— ஏன்க்கா?

— ஒரு கண்ணு கெலமங்கலத்தைப் பாக்குது, ஒரு கண்ணு ஓசூர் பஸ் ஸ்டாண்டைப் பாக்குது! அம்மனுக்கு மாறுகண்ணு வெச்சிட்டியேடா!

— சிரிக்காத சுப்ரியா.

— சிரிக்கலப்பா. உன் பிரஷ் முனை ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு, அதுகூடத் தெரியாமக் கண்ணு வச்சிருக்க.

— மணி நாலே முக்கால், என் மானம் போகுது! இந்தா புள்ள, தொடச்சிட்டு நீயே வெய்யி. இரு, இரு! மொதல்ல மஞ்சத் தண்ணியில வாய் கொப்பளி. ரெண்டு துளசியை மெல்லு. அம்மன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்.

— அப்போ இது எச்சில் இல்லையாக்கா?

— வாயை மூடு. மூடாத, மூடாத, உதட்டுல பிரஷ்ஷை வெச்சு வேலையைப் பாரு.

— மூச்சு விடாம இருங்க ரெண்டு பேரும்... ம். இப்பப் பாருங்கக்கா.

— ஏ அம்மா! என்னையேல்ல பாக்குறா!

— அவ பேரையே எழுதிடுங்கக்கா. எனக்கு இப்படி வராது.

— எழுதுறேன்டா. வாசல்ல யாரு, பூசாரி மகன் பாலாஜியா? எப்பப்பா வந்த?

— இப்பத்தான்க்கா. அம்மன் ரெடியா?

*

— அந்தச் சுப்ரியா இருந்த ரூமா மாரம்மாக்கா இது?

— ஆமா ஜோதிமணி. நீ குடிவர்றதுக்கு முன்னாடி, போன தை வரைக்கும் அவதான் இருந்தா. சுபாஷ் இருந்தது பக்கத்து ரூம். அவன் புனே பிளான்ட்டுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டான்.

— ரெண்டு பேரும் கட்டிக்குவாங்கன்னு தெருவே பேசுச்சாமே?

— தெரு எங்க பேசுச்சு, நான்தான் பேசினேன். தப்பாப் போச்சு. அவளைக் கட்டிக்கிட்டது பாலாஜி.

— பூசாரி வீட்டுக்கா போனா? நீங்க சொன்ன அந்த எச்சில் பிரஷ் சங்கதி அவங்களுக்குத் தெரிஞ்சா என்னக்கா ஆகும்?

— நானும் அதைத்தான் பயந்துகிட்டிருந்தேன். கல்யாணப் பந்தியில எனக்குப் பாயசம் ஊத்திக்கிட்டே அந்த பாலாஜி என் காதுல சொல்றான்: ‘நீங்க கத்த ஆரம்பிச்சப்பவே வாசல்ல வந்து நின்னுட்டேன்க்கா. எல்லாத்தையும் கேட்டுட்டு, சுத்தமா வெச்ச கண்ணுன்னு எங்கப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்.’