மடியில் ஒரு கட்டுக் கீரை

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் முதல் டவுன் பஸ். ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை மூட்டத்தில் பாதி கரைந்திருந்தது. நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"இது யாரும் திங்கறதுக்கு இல்லக்கா."

முன் சீட்டில் ஓர் இளம்பெண். மடியில் ஈரம் காயாத அரைக்கீரைக் கட்டு. அவளிடம் விலை கேட்டவர், பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா.

"பின்ன இன்னாத்துக்கு எடுத்துக்கினு போற?"

"லேபுல டெஸ்டுக்குக் குடுக்க. எங்க கொல்லைக்குப் பக்கத்துல பழைய பேட்டரிய ஒடச்சி உருக்கிக்கினு இருந்தாங்க. அந்த ஈய வெஷம் மண்ணுல எறங்கிடுச்சி. அதுக்குத்தான் கரி போட்டோம்."

"மண்ணுக்குக் கரியா?"

"கரும்புச் சோகைய, அந்தக் காஞ்ச எலைய எரிச்ச கரி. மொதல்ல வழக்கம்போல வயல்லயே கொளுத்திட்டோம், வெறும் சாம்பலாப் போச்சி. அப்புறம் டிரம்முல அடச்சி, காத்து போவாம மூடி எரிச்சோம்."

"கரி போட்டா ஈயம் பூடுமா?"

"போவாதுக்கா. அங்கியேதான் இருக்கும். கரி அத்தப் புடிச்சி வெச்சிக்கும், வேருக்கு ஜாஸ்தி வுடாதுன்றாங்க. கண்ண மூடுனா, மண்ணுக்குள்ள கரியெல்லாம் ஈயத்தக் கட்டிப் புடிச்சிக்கினு தூங்கற மாதிரியே இருக்குது."

இரண்டு பக்கமும் கரும்பு மெதுவாக நகர்ந்தது. பூக்கார அம்மா கீரையைத் தடவிப் பார்த்தார்.

"பச்சப்பசேல்னு நல்லாத்தான இருக்குது?"

"போன வாட்டியும் இப்படித்தான்க்கா இருந்துச்சி. தெரியாம கொழந்தைக்கு மசிச்சி ஊட்டுனேன்."