உரிக்காத தாள்

பீப், பீப், பீப் என்று மூன்று முறை அலறிவிட்டுத் தம்பியின் கம்ப்யூட்டர் இருண்டுவிட்டது. இதற்கெல்லாம் யாரும் பதறக் கூடாது. உள்ளே மெமரி அட்டை சரியாக உட்காரவில்லை என்று பெட்டி முறையிடுகிறது, அவ்வளவுதான். கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் பிழைத்துக்கொள்ளும். எனக்குத் தொழில் தெரியும் என்று நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தெரியாமல் செய்துவிட்டான் பாவம் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் அது எனக்குத்தான் இழுக்கு.

நான் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பழுது பார்ப்பவன். அம்மா போன பிறகு வீட்டில் நானும் தம்பியும் மட்டும்தான். தம்பி விளையாட்டில் புலி. திரையில் எதிரியின் தலை தெரிகிற அதே நொடியில் அவன் விரல் அசைந்திருக்கும். கூட ஆடுகிறவர்கள் ‘மின்னல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். ஆடுவது அவன், பெட்டியைத் திறப்பது நான். எங்கள் வீட்டில் அது எழுதப்படாத சட்டம்.

அன்று மெமரியைச் சரிசெய்த கையோடு ஒரு புதிய ஃபேனும் மாட்டினேன். கம்ப்யூட்டரின் மூளைச் சில்லுக்கு மேலே, அதன் சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டியோடு சேர்ந்து வரும் ஃபேன். அந்தக் கட்டியின் அடியில் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சூடு வெளியேறாது. அன்று நான் உரிக்கவில்லை. அது மறதிதான். மாட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஒரு ஃபோன் வந்தது.

“அண்ணே! பெரிய டீம்ண்ணே. செலக்‌ஷன் மேட்ச் ஆடச் சொல்றாங்க. ஜெயிச்சா அங்கயே தங்கணுமாம். ரூம், சாப்பாடு எல்லாம் அவங்களே!”

“நீ வெந்நீர் வச்சாலே பாத்திரத்தைக் கருக்குற ஆளு. அங்க உன்னை யாருடா எழுப்பிவிடுவா?”

“அலாரம் எதுக்கு இருக்கு?”

“அந்த அலாரத்தை அணைக்கிறதே நான்தானேடா.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் தோற்க ஆரம்பித்தான். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சும்மா படம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் காட்சி கண்ணிமைக்கும் நேரம் தடுக்கும். மின்னலுக்கு அந்த நேரம் போதும், விழுவதற்கு.

அலுவலகத்தில் வேறொரு பெட்டிக்கு ஃபேன் மாட்டித் தாளை உரித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. சரிசெய்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அன்றும் தோற்றிருந்தான். நெடுநாளைக்குப் பிறகு சமையலறைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினான். மனம்விட்டுப் பேசினான். நாளைக்கு உரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

“என்ன கோளாறுன்னு பாருண்ணே” என்று அவனே கேட்டான். முறைப்படி பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரே வழிதான்: ஒவ்வொரு பாகமாக மாற்று, ஆடிப் பார், கோளாறு போகாவிட்டால் அடுத்ததை மாற்று. மவுஸை மாற்றினேன். கீபோர்டு, கேபிள், மெமரி, கடைசியில் அலுவலகத்திலிருந்து மானிட்டரும் கொண்டுவந்தேன். சூட்டைக் காட்டும் எண் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கவனத்தைக் கலைக்கும் என்று அதை மறைத்துவிட்டேன். அவன் நன்றி சொன்னான்.

“எல்லாத்தையும் மாத்தியாச்சு, இல்லண்ணே?”

“ஆமாடா.”

“அப்போ மாத்தாதது ஒண்ணுதான்.” இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுதான்.”

கவனியுங்கள், நான் சொல்லவில்லை. அவனாகச் சொன்னான். நான் மறுக்கவில்லை.

பிடித்துப் பழக ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். ஆனால் சந்தேகம் புகுந்த கை சும்மா இருப்பதில்லை. முதலில் டம்ளர் நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான் அகப்படவில்லை. பொத்தானை நான் போட்டுவிட்டேன். சோற்றைப் பிசைந்து ஸ்பூனோடு கொடுத்தேன். தெருமுனை டாக்டர் நடுக்கத்துக்கு மாத்திரை எழுதினார். அதைப் போட்டால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். வீடு வீடாக இருந்தது.

டீம் கேப்டன் கூப்பிட்டபோது ஃபோனை நான்தான் எடுத்தேன்.

“உடம்பு தேறட்டும்ண்ணே. இந்த மாசக் கடைசி வரைக்கும் செலக்‌ஷன்ல அவன் இடத்தை வேற யாருக்கும் தரமாட்டோம். அவன்கிட்ட சொல்லிடுங்க.”

சொல்லவில்லை. நோயாளிக்கு வீண் ஆசை காட்டக் கூடாது.

தம்பியின் பிடிவாதத்தால்தான் நேற்று நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக். சோதித்துப் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, தம்பியை மாடிக்கு அனுப்பித் தன் மகனோடு ஆடச் சொன்னார். அவரும் கூடவே போனார். திரும்பி வந்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“உங்க தம்பி கைல ஒரு குறையும் இல்லைங்க. எடுத்ததும் கொஞ்சம் நடுங்குச்சு. ஆட்டம் சூடு பிடிச்சதும் போன இடம் தெரியல. எம் பையன் அழாத குறை! வீட்டுல இருக்கிற மிஷினை யாராவது பாத்தீங்களா?”

“நான்தாங்க பாத்தேன். அது என் தொழில்.”

“அப்போ இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. மாத்திரையை நிறுத்திடலாம். அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அண்ணன் வாயால கேட்டா இன்னும் சந்தோஷப்படுவாரு.”

மாத்திரையை நேற்றே நிறுத்திவிட்டேன். டாக்டர் பேச்சை மீறுகிறவன் நான் இல்லை. தாளை உரிப்பதும் பெரிய வேலையில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. டீம் கேப்டன் சொன்ன மாசக் கடைசிக்கும் இன்னும் நாள் இருந்தது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். எதையும் நான் ஆத்திரத்தில் செய்ததில்லை.

வராந்தாவில் தம்பி நின்றுகொண்டிருந்தான். முகம் விளக்கேற்றியது போல் இருந்தது. கைகள் இரண்டையும் என் முன்னால் நீட்டினான். விரல்கள் அசையாமல் நின்றன.

“பாருண்ணே! எல்லா ஆட்டமும் ஜெயிச்சேன். கை பழையபடி ஓடுச்சுண்ணே. டாக்டர் என்ன சொன்னாங்க?”

அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவனை நோகடிக்காமல் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

“அந்தப் பையனை வேணும்னே தோக்கச் சொன்னாங்களாம்டா, உன் மனசு உடையக் கூடாதுன்னு.”